கடிக்கிற கிதார்

வயரை மாட்டித்தான் வாசிக்கணுமா சார், மாட்டாம வாசிச்சுப் பாத்தா ஆகாதா?

இல்ல, கோவிச்சுக்காதீங்க. புதுக்கோட்டையில இருந்து பஸ் ஏறி, மழையில நனைஞ்சு வந்திருக்கீங்க. வாங்குற பொருளை எப்படிப் பாக்கணுமோ அப்படிப் பாத்துத்தான் வாங்கணும். நான் வேணாம்னு சொல்லல. முதல்ல வயர் இல்லாம வாசிங்க, டீயைக் குடிங்க. அதுக்கப்புறம் ஒரு விசயம் சொல்றேன், அதைக் கேட்டுட்டு வயரைத் தொடுங்க. எங்க வீட்டுக்காரர் போகும்போது, "விலையை மட்டும் சொல்லு, மத்ததை அந்த சாரே பாத்துக்குவாரு"ன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. ஆனா நானும் ஒரு புள்ளையைப் பெத்தவ. உங்க வீட்டுலயும் புள்ளைங்க இருக்கும். கடிக்கிற நாயைத் தடவிக்கொடுத்து, சாதுன்னு சொல்லி விக்க எனக்கு மனசு வரல.

ஆமா சார். அது கடிக்கும்.

சிரிக்காதீங்க. எல்லாரும் முதல்ல சிரிக்கத்தான் செஞ்சாங்க. நானும்தான்.

வாசிங்க, வாசிங்க. வயர் இல்லாம இருந்தா ஒண்ணும் பண்ணாது. ஏய் ஷைனி, மாமாகிட்ட போகாத, இங்க வா, அம்மா இடுப்புல உக்காரு. இவளை இறக்கி விடவே பயமா இருக்கு சார். ஒரு வயசு ரெண்டு மாசம். நிக்கக் கத்துக்கிட்டா, எதைப் பிடிச்சு நிக்கணும்னுதான் இன்னும் தெரியல.

ஆங்... நல்லா இருக்குல்ல? எனக்கு மியூசிக் ஒண்ணும் தெரியாது சார். எங்க ஊருப் பங்குப் பள்ளிக்கூடத்துல பத்தாவது வரைக்கும் படிச்சேன், பாட்டு கிளாஸ்ல என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்லுவாங்க. ஆனா இந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். சாதா கிதார் ஜல்லுஜல்லுன்னு நீட்டிக்கிட்டே போகும். இது ஒவ்வொண்ணும் டொப்பு டொப்புன்னு உருண்டையா விழும், விழுந்ததும் அடங்கிடும். அடுத்ததுக்கு இடம் விட்டு நிக்கும். மரியாதை தெரிஞ்ச கிதார்னு அவரைக் கிண்டல் பண்ணுவேன். அந்த மரியாதைதான் கடைசியில இப்படிக் கடிச்சுது.

ஜாஸ் கிதாராம். ஆர்ச்டாப்னு சொல்லுவாங்களாம். அவரு மருந்துக்கடையில வேலை. பகல் முழுக்க சீட்டைப் பாத்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறது, சனி ஞாயிறு கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழான்னு வாசிக்கிறது. ரெண்டு வருசம் போனையே பாத்துக்கிட்டிருந்தாரு. இந்த மாதிரி கிதார் நல்ல கம்பெனியில வாங்கினா நாங்க ஒரு வீட்டு மனையே வாங்கிடலாம். குறைஞ்ச விலையில வர்றதுல எது தேறும், எது தேறாதுன்னு யார் யாரோ பேசுறதைக் கேட்டுக்கிட்டே சாப்பிடுவாரு. நான் வச்சது ரசமா சாம்பாரான்னு கேட்டா தெரியாது. கடைசியில சென்னையில ஒருத்தர்கிட்ட இருந்து ரெண்டாங்கையா லாரி பார்சல்ல வந்துச்சு. பிரிச்சதும் எங்க மாமியார் ஒரே சத்தம். "ஏன்டா பெலிக்ஸ், பலகை மழையில நனைஞ்சு உப்பிப் போயிருக்குடா, திருப்பி அனுப்புடா"ன்னு. இந்த ஜாதி கிதாருக்கு வயலின் மாதிரி நடுவுல உப்பித்தான் இருக்கும்னு அவங்களுக்குப் புரிய வைக்க ஒரு வாரம் ஆச்சு.

ஒட்டுப் பலகைதான் சார், மறைக்கல. நானும் அவரைக் கேட்டேன், பாத்ரூம் கதவு ஒட்டுப் பலகையில போட்டு என்ன ஆச்சுன்னு பாத்தோம்ல, மறுபடியுமான்னு. "மேடைக்கு ஒட்டுப் பலகைதான்டி நல்லது, சத்தத்தைப் பெருசாக்குற ஆம்ப் பெட்டி பக்கத்துல வச்சா ஊளையிடாது"ன்னாரு. ஆனாலும் ஊளையிட்டுச்சு. அதான் அந்த வளைஞ்ச ஓட்டைக்குள்ள வெள்ளையா தெரியுது பாருங்க, அது பாப்பாவோட பழைய துணி. நான்தான் திணிச்சேன். ஊளை நின்னுடுச்சு. வாங்கினா அதையும் எடுத்துக்கோங்க, துவைச்சதுதான்.

ஐயோ, அந்தக் கட்டையை நகத்திடாதீங்க! ஒட்டாத கட்டை சார் அது, கம்பி அழுத்தத்துலதான் நிக்குது. ஆங், உங்களுக்குத் தெரியாததா. எனக்குத் தெரியாம, தூசி தொடைக்கிறேன்னு நகத்தி வச்சுட்டேன் ஒருநாள். அன்னைக்கு கோயில்ல சுருதி சேராம அவரு வாசிக்க வாசிக்க கீபோர்டு பையன் திரும்பித் திரும்பி முறைச்சானாம். வீட்டுக்கு வந்து, "சகாயம், நீ தொடைச்சியா?"ன்னாரு. பளபளன்னு இருக்கான்னு கேட்டேன். மனுசன் தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. திட்டல. திட்டத் தெரியாது அவருக்கு.

அதுதான் பிக்கப். கழுத்துக்கிட்ட கம்பிக்கு அடியில இருக்கே, அதுதான். எங்க ஊர்ல பிக்கப்னா நெல்லு மூட்டை ஏத்துற வண்டி. இது காந்தம், உள்ள தலைமுடி மாதிரி கம்பி சுத்தியிருக்குமாம். முதல்நாள் குனிஞ்சு பாத்தேன், தாலியில குத்தியிருந்த ஊக்கு டக்குன்னு போய் ஒட்டிக்கிச்சு. ஆளையே இழுக்குதேன்னு அப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வந்த புதுசுல கூழ் மாதிரி சத்தம் வந்துச்சு சார், ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் வித்தியாசமே தெரியாது. பிக்கப்பை மாத்தணும்னு எல்லாரும் சொன்னாங்களாம். இவரு மாத்தல. ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்குல்ல, அதை அரைச் சுத்து அரைச் சுத்தா இறக்கிக் கம்பியை விட்டுத் தள்ளி வச்சாரு. சளி பிடிச்ச தொண்டை சரியான மாதிரி ஆயிடுச்சு. அந்த டோன் திருகை முழுசா திறக்காதீங்க, தகரமா இருக்கும். முழுசா மூடினா கம்பளிக்குள்ள இருந்து பேசும். பாதியில வைங்க. பாருங்க, விக்க வந்தவ உங்களுக்குப் பாடம் நடத்துறேன்.

சத்தத்துல குறை சொல்ல மாட்டேன் சார். குறை அதோட குணத்துல.

எப்ப ஆரம்பிச்சுதுன்னா, கிதாரும் ஆம்பும் வந்து ஒரு வாரத்துல. அதுக்கு முந்தி அவருகிட்ட இருந்தது சாதா கிதார், மைக் முன்னால வச்சு வாசிப்பாரு, கடி பிடி ஒண்ணும் கிடையாது. ஆம்ப் வேற ஒரு பழைய மெல்லிசைக் குழுவுல இருந்து வாங்கினது, தூக்கினா முதுகு பிடிச்சுக்கும். இல்ல சார், ஆம்ப் விக்கிறதுக்கு இல்ல. அது நல்லாத்தான் இருக்கு. நீங்க கிதாரைப் பாருங்க.

ஒருநாள் வாசிச்சுக்கிட்டே, "சகாயம், விரல் நுனியெல்லாம் சுறுசுறுன்னு கூசுது"ன்னாரு. புதுக் கம்பின்னு விட்டுட்டோம். மறுநாளும் கூசுது. இவரு மருந்துக்கடைக்காரராச்சே, அவரே சீட்டு எழுதிக்கிட்டாரு. நரம்புத் தளர்ச்சியாம், சத்துக் குறைவாம். மூணு வாரம் பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை சார்! தினமும் ரெண்டு. நான் முருங்கைக்கீரை, முட்டைன்னு ஆக்கிப் போடுறேன், பேரீச்சம்பழம் வாங்கி வைக்கிறேன். மனுசன் கன்னம் வச்சு அழகா ஆனாரு, கூச்சம் மட்டும் போகல. அப்புறம் ஒருநாள் நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்த கையோட, காபியைக் கொடுக்கப் போயி, புடவை சரியுதேன்னு குனிஞ்சதுல கை கம்பியில பட்டுடுச்சு. முழங்கை வரைக்கும் சுரீர்னு ஏறுச்சு சார். காபி டம்ளர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எனக்கு என்ன சத்துக் குறைவு, நான்தான் தினமும் அவரு மீதி வைக்கிற பேரீச்சம்பழத்தைத் தின்னுக்கிட்டிருந்தேனே!

எனக்குக் கரண்டைப் பத்தி ஓரளவு தெரியும். எங்க அண்ணன் சவரி ஊர்ல மிக்ஸி ரிப்பேர் கடை வச்சிருக்கான், மைக் செட்டும் வச்சிருக்கான். சின்ன வயசுல ஸ்கூல் விட்டா அவன் கடையிலதான் கிடப்பேன். பிளக் மாட்ட, சுவிட்சு மாத்த எனக்கு ஆள் வேணாம். டெஸ்டரை எடுத்துக் கம்பியில வச்சேன். விளக்கு எரியுது! அவர்கிட்ட காட்டினேன். "பிக்கப் லீக் ஆகுது போல"ன்னாரு. அதோட அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் போச்சு. பிளக்கைப் பிடுங்கிட்டா எரியாது. மாட்டினா எரியும். தூங்குற பாம்பு மாதிரி, அது முழிச்சிருக்கிறப்ப யாரு கையை வச்சாலும் கடி.

விட்டுடுங்கன்னு சொன்னேன். கேக்கல. "ரெண்டு வருசம் காத்திருந்தேன்டி"ன்னாரு. அந்தக் குரலைக் கேட்டா என்ன பண்றது? சரி, வாசிங்க, நான் சொல்றபடி வாசிங்கன்னேன். வீட்டுல வாசிச்சா மரப் பலகை மேல உக்காரணும், காலுல ரப்பர் செருப்பு. மேடையிலயும் ரப்பர் செருப்பு. கல்யாண வரவேற்புல கோட்டு சூட்டு, டை கட்டி, காலுல நீல வார் வச்ச ஹவாய் செருப்பு சார்! குழுவுல எல்லாரும், "என்ன பெலிக்ஸ், பாதியில பாத்ரூம் போகணுமா?"ன்னு கேட்டாங்களாம். நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டேதான் ஒவ்வொரு தடவையும் அவரு கிளம்பும்போது செருப்பை எடுத்துப் பையில வைப்பேன். இன்னைக்கும் திரும்பி வந்துடணும் மாதாவேன்னு சொல்லிக்கிட்டே வைப்பேன். கேட் சத்தம் கேக்கிற வரைக்கும் என்ன வேலை செய்யுறேன்னு எனக்கே தெரியாது. ஒருநாள் பருப்புல உப்புக்குப் பதிலா கோலப்பொடியைப் போட்டுட்டேன்.

அந்த மாதிரி ஒரு வரவேற்புலதான் பெருசாக் கடிச்சுது. ரெண்டு மாசம் ஆச்சு. நானும் போயிருந்தேன், இவளைத் தூக்கிக்கிட்டு முன் வரிசையில உக்காந்திருந்தேன். மண்டபத்து மைக் அது, நல்ல பெரிய மண்டபம். கிதாரை மாட்டிக்கிட்டு, பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மைக்குகிட்ட போனாரு. அவருக்கு ஒரு பழக்கம், உதடு மைக்குல படுற மாதிரி வச்சுக்கிட்டுத்தான் பேசுவாரு. "அனைவருக்கும்"னாரு. அவ்வளவுதான். யாரோ வாய் மேல அறைஞ்ச மாதிரி தலை பின்னால போச்சு. மைக் ஸ்டாண்டு கீழ விழுந்து மண்டபம் பூரா டமார்னு ஒரு சத்தம். எந்திரிச்சேன். நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு, பல்லுல ரத்தம். அதோட சிரிக்கிறாரு சார்! மேடையில நின்னுக்கிட்டு என்னைப் பாத்துக் கையை ஆட்டி, ஒண்ணும் இல்ல, உக்காருன்னு சாடை காட்டுறாரு. ஜனங்க கை தட்டுறாங்க, ஏதோ வேடிக்கை பண்றாருன்னு. செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. செருப்பைத் தாண்டிக் கடிச்சிடுச்சு.

அதுக்கு அப்புறமும் விக்கல. கேளுங்க.

இவளைக் கடிச்ச பிறகுதான்.

மூணு வாரம் முன்னாடி, ஞாயித்துக்கிழமை காலையில. பாப்பாவைக் குளிப்பாட்டித் துண்டுல சுத்தி இறக்கி விட்டேன், பவுடர் எடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். அவரு பலகை மேல உக்காந்து வாசிச்சுக்கிட்டிருக்காரு. இது ஈரக் காலோட தத்தித் தத்திப் போயி, அப்பா மடியைப் பிடிச்சு நிக்கிறேன்னு கம்பியைப் பிடிச்சிடுச்சு. சத்தமே வரல சார் முதல்ல. அதான்... அழுதிருந்தா பரவாயில்ல. வாயைத் திறந்துக்கிட்டு, கண்ணு பெருசா, சத்தமே இல்ல. நான் தட்டி விட்டேன், எனக்கும் தோள் வரைக்கும் ஏறுச்சு. அப்புறம் கத்துச்சு பாருங்க. அந்தக் கத்தல் கேட்டு நான் சந்தோசப்பட்டேன். பெத்த புள்ள கத்துறதைக் கேட்டு சந்தோசப்பட்ட அம்மா நானாத்தான் இருப்பேன்.

அவரு எந்திரிச்சாரு. பிளக்கைப் பிடுங்கினாரு. கம்பி ஒவ்வொண்ணையும் துணியால தொடைச்சாரு. பெட்டியில வச்சு மூடினாரு. "போட்டோ எடுத்துப் போடு சகாயம், யாராவது கேப்பாங்க. வாசிக்கத் தெரிஞ்சவங்களா இருந்தா மட்டும் கொடு"ன்னாரு. மூணு வாரமா அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் சாப்பிட வர்றாரு, போறாரு. பாக்க மாட்டாரு. ராகம் முணுமுணுத்துக்கிட்டே சட்டை பட்டன் போடுற மனுசன், இப்ப பட்டன் மட்டும் போடுறாரு.

இதான் சார் கதை. இதுக்கு மேலயும் வயர் மாட்டிப் பாக்கணும்னா பாருங்க. உங்க சொந்த ஆம்ப் கொண்டு வந்திருக்கீங்களா? இத்தனூண்டா? டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கு. இருங்க, இருங்க. நான் இவளைத் தூக்கிக்கிட்டு வாசப்படிக்கு அந்தப் பக்கம் போயிடறேன். ரப்பர் மேட் மேல நின்னுக்கறேன். செருப்புப் போட்டுக்கோங்க. அவரோடது இருக்கு. வேணாமா? மாதாவே.

...

கடிக்கலையா?

இன்னொரு தடவை தொடுங்க. வெறுங்கால்லயா தொடுறீங்க? ஈரக் காலு சார் அது! கடிக்கலையா? இந்தாங்க, டெஸ்டர். கம்பியில வைங்க. எரியலையே. டெஸ்டர் கெட்டுப்போச்சோ? இருங்க, அந்த போர்டுல வச்சுப் பாக்கிறேன். எரியுது. மறுபடி கம்பியில வைங்க. எரியல.

புது ஆளைப் பாத்து அடங்கிடுச்சா என்ன? அப்படியும் செய்யுமா?

ஓ, உங்க ஆம்ப் பேட்டரியில ஓடுதா. அப்ப சரி. பேட்டரியில கடிக்காது போல. அப்படின்னா நீங்க தைரியமா வாங்கிக்கலாம் சார், பேட்டரியிலயே வச்சு வாசிங்க. இதை அவருகிட்ட சொன்னா... இல்ல, சொல்ல வேணாம். மனசு மாறிடுவாரு. எடுத்துட்டுப் போயிடுங்க.

எங்க ஆம்பா? திரும்பத் திரும்ப அதையே கேக்குறீங்க! இங்க இல்ல சார், எடுத்துட்டுப் போயிருக்காரு. இன்னைக்கு எங்க ஊர்ல அந்தோணியார் கோயில் திருவிழா. லால்குடி தாண்டி உள்ள போகணும். பூசை முடிஞ்சதும் ஏழு மணிக்குப் பாட்டு. ஊரு மாப்பிள்ளைன்னு மாலையெல்லாம் போட்டு மேடையில உக்கார வைப்பாங்க. மைக் செட்டும் லைட்டும் எங்க அண்ணன் சவரிதுதான். இந்தக் கிதார்தான் வேணாம்னு ஆயிடுச்சே, கூட வாசிக்கிற பையனோட கிதார் ஒண்ணை இரவல் வாங்கிட்டுப் போனாரு. அது கட்டையா, பலகை மாதிரி இருக்கும், ஓட்டை கீட்டை கிடையாது. இன்னைக்குத்தான் சார் நான் நிம்மதியா இருக்கேன். கடிக்கிறது இங்க இருக்கு, அவரு அங்க இருக்காரு. செருப்புகூட வைக்கல. வச்சாலும் போட முடியாது, பீடத்துக்கு நேரா மேடை, வெறுங்கால்லதான் ஏறணும்.

அங்கயும் மழைதான். ஏன் கேக்குறீங்க?

பிளக்கா? சார், அதுல ஒரு குறையும் கிடையாது, நானே மாட்டினது. ஆம்ப் வந்தப்ப மூணு கால் பிளக் இருந்துச்சு. எங்க வீட்டு போர்டைப் பாருங்க, ரெண்டு ஓட்டைதான். வீட்டுக்காரம்மாகிட்ட மாத்தச் சொன்னா வாடகையை ஏத்துவாங்க. அதனால நானே வெட்டிட்டு ரெண்டு கால் பிளக் மாட்டினேன். பத்து நிமிசத்துல. சிவப்பு ஒரு காலுக்கு, கருப்பு ஒரு காலுக்கு. பச்சை வயர் ஒண்ணு மிஞ்சுச்சு. அதை ஒட்ட நறுக்கி டேப் சுத்திட்டேன். அதுக்கு வேலை கிடையாது சார், கம்பெனிக்காரன் கணக்குக்கு வைக்கிறது. எங்க அண்ணன் கடையில அப்படித்தான், வர்ற மிக்ஸி, கிரைண்டர் எல்லாத்துக்கும் பச்சையை நறுக்கிடுவான். "பச்சை வயர் பொங்கலுக்கு வச்ச கரும்புத் தோகைடி, சும்மா அழகுக்கு"ம்பான். பன்னெண்டு வருசமா கடை நடத்துறான்.

ஏன் சார் எந்திரிச்சிட்டீங்க?

என்ன? மெதுவா சொல்லுங்க. கசியுற கரண்டு அந்தப் பச்சை வயர் வழியாத்தான் மண்ணுக்கு இறங்கணுமா. சரி. அது இல்லன்னா... ஆம்ப் பெட்டியிலேயே நிக்குமா. நிக்கட்டும், அவரு பெட்டியைத் தொட மாட்டாரே. வயர் வழியாவா? கிதாருக்கா? கம்பிக்கா?

அப்படின்னா இது லீக் ஆகலையா? பிக்கப் லீக் ஆகலையா?

எந்தக் கிதாரை மாட்டினாலுமா? செருப்புப் போட்டிருந்தாலும், மைக்குல உதடு பட்டா அது வழியா மண்ணுக்கு இறங்குமா?

இல்ல சார். இருக்காது. எங்க அண்ணன் பன்னெண்டு வருசமா... இல்ல, நீங்க பள்ளிக்கூடத்துல பாட்டு சொல்லிக் கொடுக்கிறவரு, உங்களுக்கு எப்படி... நான் டெஸ்டர் வச்சுப் பாத்தேன் சார், கிதார்லதான் எரிஞ்சுச்சு. ஆம்ப்ல வச்சுப் பாக்கல. அதுல ஏன் வைக்கப் போறேன். பிளக் நான் மாட்டினதாச்சே, அது சரியாத்தான் இருக்கும்னு...

மணி என்ன சார்? ஆறே முக்காலா?

இவளைக் கொஞ்சம் பிடிங்க. அழட்டும், பரவாயில்ல, பிடிங்க. போன் எங்க வச்சேன். அடுப்படியில... இந்தா இருக்கு. அவருக்குப் போடுறேன். எடுக்க மாட்டாரு சார், மேடை ஏறினா போனைப் பையில போட்டு மூடிடுவாரு. அடிக்குது. அடிக்குது. எடுக்கல. மறுபடி போடுறேன். எடுங்க. ஒரே ஒரு தடவை எடுங்க. எடுக்கல சார். நாந்தான் சொன்னேன், கோயில்ல போன் அடிச்சா அசிங்கம், சத்தத்தை நிறுத்தி வைங்கன்னு. எல்லாத்தையும் நாந்தான் சொல்லியிருக்கேன்.

அண்ணன். அண்ணனுக்குப் போடுறேன். அவன் செட்டுகிட்டத்தான் உக்காந்திருப்பான்.

அண்ணே! சகாயம். கேக்குதா? அண்ணே, ஸ்பீக்கர் பக்கத்துல இருந்து தள்ளி வா. மாப்பிள்ளை எங்க? மேடையிலயா? கிதாரை மாட்டிட்டாரா? வயர் குத்தியாச்சா? பாட ஆரம்பிச்சாச்சா? சாமியார் இன்னும் பேசிக்கிட்டிருக்காரா. அப்பாடா, அவரு பேசட்டும், எவ்வளவு நேரம் வேணா பேசட்டும். காலுல... வெறுங்கால். மேடை நனைஞ்சிருக்கா? பாய் போட்டிருக்கா, பாயும் நனைஞ்சிருக்கா.

அண்ணே, நான் சொல்றதைக் கேளு. நடுவுல பேசாத. அந்த ஆம்புக்கு நான் பச்சை வயரை வெட்டிட்டேன். இல்ல, போதையில பேசல, உன் தங்கச்சி பேசுறேன். அது அழகுக்கு இல்லண்ணே. உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இங்க தெரிஞ்ச ஒருத்தரு நிக்கிறாரு, அவரு கையில உன் மருமக அழுதுக்கிட்டிருக்கா, அவருகிட்ட வேணா கேளு. அன்னைக்கு மண்டபத்துல மாப்பிள்ளையைத் தூக்கி அடிச்சது கிதார் இல்ல. பாப்பாவைக் கடிச்சதும் கிதார் இல்ல. நான் மாட்டின பிளக்.

சிரிக்காதண்ணே. தயவுசெஞ்சு சிரிக்காத.

அவரு மைக்குல உதடு வச்சுத்தான் பேசுவாரு, உனக்குத் தெரியும்ல? கூப்பிட்டுச் சொல்ல முடியாதா? மேடை தூரமா? கூட்டமா. சாமியார் முடிக்கப் போறாரா? யாரு கை தட்டுறா? அண்ணே, மைக்கை யாருகிட்ட கொடுக்கிறாங்க?

தெரியும், கோயில் பூரா இருட்டாயிடும். சப்பரத்து லைட்டும் போயிடும். சவரி செட்டு திருவிழா அன்னைக்குப் படுத்துடுச்சுன்னு வருசம் பூரா பேசுவாங்க. பேசட்டும். நாளைக்கு முத பஸ்ஸுல நான் வந்து கோயில் வாசல்ல நின்னு எல்லார்கிட்டயும் சொல்றேன், தப்பு என்னோடதுன்னு. உன்னைத் திட்டுறதை எல்லாம் நான் வாங்கிக்கிறேன். இப்ப யோசிக்காத, எந்திரி. மெயின் சுவிட்சை இறக்கிடு அண்ணே.